மலையைப் படிக்கும் ஆசிரியர்

திருவண்ணாமலையில் எந்தத் தெருவில் நின்று நிமிர்ந்து பார்த்தாலும் மலை கண்ணில் படும். வெளியூரிலிருந்து வருவோர் அதனை வணங்குகின்றனர். 14 கிலோமீட்டர் நடந்து வலம் வருகின்றனர். கார்த்திகைத் தீபத்தன்று அதன் உச்சியில் எழும் சுடரைக் கண்டு கைகூப்புகின்றனர். ஆனால், அம்மலையடியிலேயே பிறந்து, நாள்தோறும் அதனைப் பார்த்துக்கொண்டே பள்ளிக்குச் செல்லும் ஒரு மாணவனை அழைத்து, "தம்பி, இம்மலையில் பெய்யும் மழைநீர் எந்த வழியாக இறங்குகிறது? எந்தக் குளத்திற் போய்ச் சேருகிறது? சரிவிலே தாமாக முளைத்து நிற்கும் மரங்கள் எவை?" என்று கேட்டுப் பாருங்கள். விடை கிடைப்பது அரிது. இமயமலையின் சிகரங்களையும் நைல் நதியின் நீளத்தையும் தடையின்றிச் சொல்லும் அதே மாணவன், தன் வீட்டு வாயிலில் நிற்கும் மலையைப் பற்றிக் கேட்டால் திகைத்து நிற்கிறான்.

இக்குறை மாணவனுடையதன்று. ஆசிரியரை மட்டும் பழிப்பதும் முறையாகாது. மலையைக் கொண்டு பாடம் சொல்ல அவருக்கு எவரும் கற்றுக் கொடுக்கவில்லை. அவர் பயின்ற பயிற்சிப் பள்ளியிலும் நான்கு சுவர்களுக்குள்ளே கரும்பலகையைப் பார்த்தே பயின்றார். தாம் பயின்ற வண்ணமே பயிற்றுகிறார். ஆகவே, மாணவ மாணவியரே, வகுப்பறைக்கு வெளியே நிகழவேண்டிய கல்வியைப் பற்றிப் பேசப் புகும்போது, முதலில் ஆசிரியரின் பயிற்சியைப் பற்றியே பேசவேண்டியிருக்கிறது. உங்களுட் பலர் நாளை ஆசிரியராகப் போகிறவர்கள். எஞ்சியோர் நல்லாசிரியரை நாடும் உரிமையுடையவர்கள். இரு சாராருக்கும் இது தொடர்புடைய செய்தியே.

வெளியே சென்று கற்பது நேற்றுத் தோன்றிய புதுமையன்று. நம் முன்னோர் நிலத்தைக் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை எனப் பகுத்தனர். அந்தந்த நிலத்தின் பூவையும் புள்ளையும் பொழுதையும் கண்ணாற் கண்டறிந்து பாடினர். நம் காலத்துக்குச் சற்று முன்னே வந்தால், 1901-ஆம் ஆண்டில் இரவீந்திரநாத் தாகூர் சாந்திநிகேதனத்தில் பள்ளி தொடங்கி, மரநிழலையே வகுப்பறை ஆக்கினார். 1937-ஆம் ஆண்டில் வார்தாவில் கூடிய கல்வி மாநாட்டில் காந்தியடிகள் தம் ஆதாரக் கல்வித் திட்டத்தை முன்வைத்தார். கைத்தொழில் ஒன்றன் வாயிலாகவே எல்லாப் பாடங்களையும் புகட்ட வேண்டும் என்பது அதன் உயிர்நிலை. அமெரிக்கக் கல்வியறிஞர் ஜான் டூயி 1938-ஆம் ஆண்டில் அனுபவமும் கல்வியும் பற்றித் தனியே ஒரு நூல் எழுதினார். அனுபவத்தின் வழியே கற்க வேண்டும் என்று வற்புறுத்திய அவரே, எல்லா அனுபவமும் கல்வியாகிவிடாது என்றும் எச்சரித்தார். தமிழ்நாட்டிலே, டாக்டர் சௌந்தரம் அம்மையாரும் ஜி. இராமச்சந்திரன் அவர்களும் 1947-இல் தோற்றுவித்த காந்திகிராமம் ஆதாரக் கல்விக்கும் அதற்கேற்ற ஆசிரியர் பயிற்சிக்கும் இடமாயிற்று.

இத்துணைச் சான்றோர் வகுத்த வழி, நாட்டின் பள்ளிகளில் ஏன் வேரூன்றவில்லை? காரணங்கள் பல. அவற்றுள் ஒன்று நமக்கு இங்கே பாடமாகும். கைத்தொழிலையும் பாடத்தையும் இணைக்கும் கலை பல ஆசிரியர்களுக்குக் கைவரவில்லை. தக்ளி ஒருபுறம் சுழன்றது. பாடம் மற்றொருபுறம் ஓடியது. நூற்ற நூலின் நீளம் கணக்காகவும், பருத்தி விளையும் மண் புவியியலாகவும், மான்செஸ்டர் ஆலைகளின் கதை வரலாறாகவும் மாறியிருக்க வேண்டும். மாறாத இடங்களில் நூற்பு வெறும் சடங்காகி, பிறகு மறைந்தே போயிற்று. கருத்து உயர்ந்ததாயினும், அதனைக் கையாளும் ஆசிரியர் அதன் சுவையை உணராவிடில் அது நிலைப்பதில்லை.

இதற்கு மறுதலையான சான்றும் உண்டு. 2003-ஆம் ஆண்டையொட்டிச் சென்னை மாநகராட்சிப் பள்ளி ஆசிரியர்கள் ஆந்திரத்திலுள்ள ரிஷிவேலிக்குச் சென்று, அங்குள்ள சிற்றூர்ப் பள்ளிகளில் சிறுவர்கள் அட்டைகளைக் கொண்டு தாமே கற்கும் முறையை நேரிற் கண்டு வந்தனர். கண்டு வந்தவர்கள் தம் பள்ளிகளுக்கேற்ப அட்டைகளைத் தாமே ஆக்கினர். அதன் பயனாக எழுந்த செயல்வழிக் கற்றல் முறை 2007–08-ஆம் ஆண்டில் மாநிலமெங்கும் உள்ள அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்குப் பரவியது. ஆணையைப் படித்தறிவது வேறு. கண்ணால் கண்டு கையால் செய்து அறிவது வேறு என்பதை இது விளக்குகிறது. அந்த முறை வகுப்பறைத் தரையில் நிகழ்ந்தது. அதே ஆசிரியரை வாயிலைத் தாண்டி வெளியே அழைத்துச் செல்வதே இனி ஆகவேண்டிய பணி.

வெளியே செல்வதென்றதும் பலர் உள்ளத்தில் எழுவது சுற்றுலா. பேருந்து வருகிறது; சிற்றுண்டிப் பொட்டலம் வருகிறது; பாட்டும் கூத்துமாக ஒரு நாள் கழிகிறது. அது வேண்டாததென்று நான் கூறவில்லை. மகிழ்ச்சியும் சிறுவர்க்குரிய உணவே. ஆனால் அது பாடமன்று. பாடமாவதற்கு மூன்று வேண்டும். புறப்படும் முன்னே ஒரு வினா வேண்டும். சென்ற இடத்தில் கூர்ந்த நோக்கும் குறிப்பும் வேண்டும். திரும்பிய பின்னே கண்டதை ஒப்பிட்டுப் பேசும் உரையாடல் வேண்டும். இம்மூன்றில் ஒன்று குறைந்தாலும் நடை வீண் நடையாகும்.

இனி, இப்பயிற்சி எவ்வாறு அமையலாம் என்பதை ஓர் எடுத்துக்காட்டால் காண்போம். இடம் ரமணாசிரமத்தின் சூழல். பதினாறு வயது மதுரைப் பள்ளி மாணவராக 1896 செப்டம்பர் 1-ஆம் நாள் இவ்வூர் வந்தவர் ரமணர். விரூபாட்சக் குகையிலும் கந்தாசிரமத்திலும் பல்லாண்டு தங்கிய பின், 1922-இல் அவர் மலையின் தென்புற அடிவாரத்தில் வந்தமர்ந்தார். அவ்விடமே இன்றைய ஆசிரமம். அதன் பின்புறத்திலிருந்து கந்தாசிரமத்துக்கு ஒரு கற்பாதை ஏறுகிறது. தமிழ், கணக்கு, அறிவியல், வரலாறு, புவியியல் கற்பிக்கும் ஆசிரியர் ஐவர், உரிய இசைவு பெற்று, மாணவர் எவருமின்றி, தாமே மாணவராக அப்பாதையில் ஒரு காலைப்பொழுது நடப்பதாகக் கொள்வோம்.

மேலே கந்தாசிரமத்தருகே உள்ள பாறையில் நின்றால் அருணாசலேசுவரர் கோயில் முழுவதும் கீழே தெரியும். கோபுரங்கள், திருச்சுற்றுகள், மாடவீதிகள், குளங்கள், அப்பால் ஏரிகள் எல்லாம் ஒரு வரைபடம் போல விரிந்து கிடக்கும். புவியியல் ஆசிரியர் அங்கே அமர்ந்து, கண்ட வண்ணமே ஒரு படம் வரைகிறார். திசை குறிக்கிறார், அளவுத் திட்டம் வகுக்கிறார். பின்னர் அச்சிட்ட நிலப்படத்தோடு ஒப்பிடுகிறார். எது விடுபட்டது, எது பெரிதாயிற்று என்று தாமே கண்டுபிடிக்கிறார். நிலப்படம் என்பது மேலிருந்து காணும் காட்சி என்னும் உண்மையை, அதன்பின் எந்தச் சிறுவனுக்கும் அவரால் எளிதில் விளக்க இயலும்.

கணக்காசிரியருக்கு இராசகோபுரமே கருவி. ஒரு மீட்டர்க் கோலை வெயிலில் செங்குத்தாக நிறுத்தி அதன் நிழலை அளக்கிறார். அதே நேரத்தில் கோபுரத்தின் நிழலையும் அளக்கிறார். கோலின் நிழல் அரை மீட்டரென்றால், கோபுர நிழலை இரட்டித்தால் உயரம் வரவேண்டும். ஆனால் வருவதில்லை, விடை குறைகிறது. ஏன்? கோபுரம் கோலைப் போல ஒல்லியானதன்று, அடி அகன்றது. உச்சிக்கு நேர்கீழான புள்ளி அடித்தளத்தின் நடுவில் இருக்க, அவர் சுவரின் விளிம்பிலிருந்து அளந்துவிட்டார். அவ்வகலத்திற் பாதியைச் சேர்த்தபின், ஏறத்தாழ 66 மீட்டர் என்னும் உண்மையான உயரத்தை அவர் நெருங்குகிறார். இப்பிழை எந்த நூலிலும் வராது, கோபுரத்தடியில்தான் வரும். ஒத்த முக்கோணங்களைப் பற்றி இதைவிடத் தெளிவான பாடம் வேறெங்கே கிடைக்கும்?

இன்னும் ஒரு வியப்பு. திருவண்ணாமலை வட அகலாங்கு ஏறத்தாழ 12¼ பாகையில் உள்ளது. ஆதலின் ஆண்டில் இரு நாட்கள், ஏப்ரல் 22-ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 20-ஐ ஒட்டியும், நண்பகலில் கதிரவன் நேர் உச்சிக்கு வருகிறான். அவ்வேளையில் நட்ட கோலுக்கு நிழலே விழாது. காலை முதல் நிழல் குறுகிக் குறுகி மறைவதைக் கண்ட ஆசிரியர், பூமியின் அச்சு சாய்ந்திருப்பதைப் பற்றிப் பேசும்போது அவர் குரலே வேறாக இருக்கும். இதே முக்கோணக் கணக்கைக் கொண்டுதான், 1802-இல் சென்னைப் பரங்கிமலையருகே ஏழரை மைல் நீளத்துக்கு ஓர் அடிக்கோட்டை அளந்து, வில்லியம் லாம்டன் இந்திய நாட்டின் பெரும் நில அளவையைத் தொடங்கினார் என்பதையும் அவர் சேர்த்துச் சொல்லலாம்.

தமிழாசிரியர் என்ன செய்வார்? அவருக்குச் செவியே கருவி. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய மலைபடுகடாம், 583 அடிகளில் அமைந்தது. இம்மாவட்டத்துச் செங்கத்தை ஆண்ட நன்னனைப் பெருங்கௌசிகனார் பாடியது. மலையில் எழும் பலவகை ஓசைகளை அப்புலவர் அதில் அடுக்கிச் செல்கிறார்; நூலின் பெயரே அதனின்று பிறந்தது. நம் ஆசிரியர் பாறையில் அமர்ந்து, கண்மூடி, பத்து நிமிடம் கேட்கிறார். மயிலின் அகவல், காற்றில் புல் உரசும் ஒலி, கோயில் மணி, கீழே சாலையில் ஊர்தியின் ஊதல் அனைத்தையும் எழுதுகிறார். ஒவ்வோர் ஓசைக்கும் தமிழில் என்ன சொல் என்று தேடுகிறார். சொல் பொருளைத் தேடி வரும் அந்த அனுபவத்துக்குப் பின், மலைபடுகடாம் அவருக்குத் தேர்வுக்குரிய பகுதியாக இராது. அண்டை வீட்டுப் புலவனின் குரலாக இருக்கும்.

வரலாற்றாசிரியருக்குக் கோயிற் கல்வெட்டுகள் உண்டு. செங்கம் வட்டாரத்தில், ஆநிரை காக்கப் போரிட்டு மாண்ட வீரர்களுக்கு எடுத்த நடுகற்கள் பல உள்ளன. அவற்றின் எழுத்துக்களைத் தமிழ்நாடு தொல்பொருள் ஆய்வுத்துறை 1972-இல் நூலாகவே வெளியிட்டது. மன்னர் பெயரை மனப்பாடம் செய்த மாணவன், ஊர்ப்புறத்தில் நிற்கும் ஒரு கல்லில் தன் ஊரானைப் போன்ற ஒருவன் வில்லேந்தி நிற்பதைக் கண்டால், வரலாறு அரண்மனையோடு முடிந்துவிடவில்லை என்று உணர்வான்.

அறிவியலாசிரியரின் பாடத்தை இறுதியில் வைத்தேன், காரணம் உண்டு. அவர் இரண்டு தட்டுகளை எடுத்துக்கொள்கிறார். ஒன்றில் வெறும் மண். மற்றொன்றில் அதே மண்ணின்மேல் சருகு. இரண்டையும் ஒரே அளவு சாய்த்து, ஆளுக்கொரு குவளை நீர் ஊற்றுகிறார். வெறும் மண்ணிலிருந்து நீர் விரைந்து, கலங்கி, மண்ணையும் இழுத்துக்கொண்டு வருகிறது. சருகு மூடிய தட்டிலிருந்து சற்றுத் தாமதித்து, தெளிந்து வருகிறது. பிறகு அவர் நிமிர்ந்து மலையைப் பார்க்கிறார். எங்கே மரம் அடர்ந்திருக்கிறது, எங்கே பாறையும் புல்லும் மட்டும் இருக்கின்றன, ஓடைகள் எங்கே இறங்குகின்றன, அவற்றின் வழியில் இப்போது என்ன இருக்கிறது என்று குறித்துக்கொள்கிறார்.

இது விளையாட்டுச் சோதனையன்று. 2024 டிசம்பர் 1-ஆம் நாள், ஃபெஞ்சல் புயலையொட்டிக் கொட்டிய பெருமழையில், இதே மலையின் சரிவிலிருந்து மண்ணும் பாறையும் பெயர்ந்து அடிவாரத்திலுள்ள வ.உ.சி. நகரில் விழுந்தன. 7 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் 5 பேர் குழந்தைகள். ஒரு பள்ளிப் பாடம் மலைச்சரிவைத் தடுத்துவிடும் என்று எவரும் கூறார். ஆயினும், எந்த மலையடியில் வாழ்கிறோமோ அம்மலையின் மண்ணும் நீரும் எவ்வாறு இயங்குகின்றன என்பதை அறியும் உரிமை அங்கே வளரும் ஒவ்வொரு குழந்தைக்கும் உண்டு. நாளை அவ்வூரில் எங்கே வீடு கட்டலாம், எந்த ஓடையை அடைக்கலாகாது, எந்தச் சரிவில் மரம் வேண்டும் என்று முடிவு செய்யப்போகிறவர்கள் அவர்களே. அவ்வறிவை இமயமலையைப் பற்றிய பாடம் மட்டும் தந்துவிடாது.

நம்பிக்கை தரும் செய்தியும் இங்கேயே உண்டு. வறண்டு கிடந்த இம்மலையை மீண்டும் பசுமையாக்கும் முயற்சி 1980-களின் இறுதியிலிருந்து அன்பர் பலரால் நடந்து வருகிறது. தி ஃபாரஸ்ட் வே என்னும் அறக்கட்டளை நாற்றங்கால் வைத்து இவ்வட்டாரத்துக்கே உரிய மரவகைகளை வளர்த்து நட்டு வருகிறது. கோடையில் காய்ந்த புல்லில் தீ பரவாதபடி தடுப்புக் கோடுகள் வெட்டும் பணியும் நடைபெறுகிறது. இம்முயற்சியோடு இணைந்து, 2009-ஆம் ஆண்டில் திருவண்ணாமலையை அடுத்த சிற்றூரில் மருதம் பண்ணைப் பள்ளி தோன்றியது. வேளாண்மை, கைவினை, மலைநடை, மரம் நடுதல் ஆகியவை அங்கே படிப்பின் உறுப்புகளாக உள்ளன. ஐந்திணையுள் ஒன்றின் பெயரை ஒரு பள்ளி தாங்கி நிற்பது பொருத்தமே. இத்தகைய பள்ளியில் நடப்பதை அப்படியே படியெடுக்க எல்லாப் பள்ளிகளாலும் இயலாது. ஆனால் மலை அனைவர்க்கும் பொது. அரசுப் பள்ளி ஆசிரியர் ஒருவர் அங்கே சில நாள் இருந்து பார்த்தால், தம் பள்ளிக்கு எடுத்துச் செல்லக்கூடியது ஒன்றேனும் கிட்டும்.

இங்கே ஆசிரியர்கள் எழுப்பும் ஐயங்களை ஒதுக்கிவிடலாகாது. "பாடத்திட்டத்தை முடிக்க நேரமில்லை" என்பர். ஒரு நடையில் ஐந்து பாடங்கள் அமையும் என்பதை மேலே கண்டோம்; ஐந்து ஆசிரியரும் சேர்ந்து திட்டமிட்டால் நேரம் மிஞ்சும், தனித்தனியே சென்றால்தான் குறையும். "நாற்பது பிள்ளைகளை எப்படிக் காப்பேன்?" என்பர். இது மெய்யான கவலை. மலையின் மேற்பகுதி காப்புக்காடு. வனத்துறையின் இசைவின்றி ஏறலாகாது. மழைக்காலத்தில் சரிவையும், நீர் நிறைந்த குளத்தின் படியையும் தவிர்க்க வேண்டும். பெற்றோரின் இசைவு, உடன்வரும் பெரியோர், குடிநீர், முதலுதவி இவையெல்லாம் பயிற்சியின் பகுதிகளே. ஆசிரமம் போன்ற அமைதி நிலவும் இடத்தில் குரல் தாழ்த்தி நடப்பதும் ஒரு பாடமே. மேலும், எல்லாப் பாடத்துக்கும் மலை ஏறவேண்டியதில்லை. பள்ளி முற்றத்து வேப்பமரம் போதும். ஒரு மாதம் அதனைத் தொடர்ந்து நோக்கினால் பூவும் காயும் எறும்பும் பறவையும் ஆயிரம் வினாக்களை எழுப்பும். "பிள்ளைகள் கேட்கும் கேள்விக்கு விடை தெரியாவிட்டால்?" என்பது வாய்விட்டுச் சொல்லப்படாத அச்சம். இதுவே எல்லாவற்றினும் பெரிது. வகுப்பறையில் விடை நூலில் இருக்கிறது. வெளியிலோ ஒரு சிறுமி பெயர் தெரியாத பூச்சியொன்றைக் காட்டி நிற்பாள். அப்போது, "எனக்கும் தெரியாது, அம்மா, இருவரும் சேர்ந்து கண்டுபிடிப்போம்" என்று சொல்லும் துணிவு ஆசிரியருக்கு வேண்டும். அத்துணிவைச் சொற்பொழிவு தராது. தாமே மாணவராய் மலையில் நடந்து, தாமே பிழை செய்து, தாமே திருத்திக்கொண்ட ஆசிரியருக்கே அது வரும்.

ஆகவே, ஆசிரியர் பயிற்சி நிறுவனங்களுக்கு ஒரு வேண்டுகோள். வெளிப்புறக் கல்வியின் பயன்கள் யாவை என்று தேர்வில் வினா கேட்டுப் பத்து மதிப்பெண் வழங்குவதோடு நின்றுவிடாதீர்கள். பயிற்சி பெறுவோரை ஒவ்வொரு பருவத்திலும் சில நாளேனும் வெளியே அழைத்துச் செல்லுங்கள். வெவ்வேறு பாடத்தாரை ஒரே குழுவாக்குங்கள். அவர்கள் கண்டதைக் கொண்டு ஒரு பாடம் ஆக்கி, அருகிலுள்ள பள்ளியில் நடத்தி, குறை நிறைகளைப் பேசட்டும். பணியில் சேர்ந்த பிறகும் அக்குழு ஆண்டுக்கொரு முறை கூடட்டும்.

மாணவ மாணவியரே, உங்களுக்கும் ஒரு வேலை உண்டு. ஆசிரியர் வெளியே அழைத்துச் செல்லும் வரை காத்திருக்க வேண்டாம். உங்கள் ஊரில் மலை இல்லாவிட்டால் ஏரி இருக்கும். ஏரி இல்லாவிட்டால் ஒரு வாய்க்கால், ஒரு பழைய கோயில், ஓர் ஆலமரம் இருக்கும். மழை பெய்து ஓய்ந்ததும் குடையை எடுத்துக்கொண்டு, பெரியவர் ஒருவரையும் துணைக்கு அழைத்துக்கொண்டு, உங்கள் தெருவில் விழுந்த நீர் எங்கே போகிறதென்று அதன் பின்னாலேயே சென்று பாருங்கள். கண்டதை ஒரு தாளில் வரைந்து, மறுநாள் ஆசிரியரிடம் காட்டுங்கள். அவர் அதனை வாங்கிப் பார்த்து, "வா, நானும் வந்து பார்க்கிறேன்" என்பாராயின், உங்கள் பள்ளியில் ஒரு நல்ல வகுப்பு தொடங்கிவிட்டது என்று கொள்ளலாம்.